கண்மாய்க்கரையிலிருந்து அரிச்சல்முனை வரை: ராமநாதபுரம் கடற்கரையில் ஓட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் மலை கிடையாது. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் புது ஷூவை மாட்டிக்கொண்டு, "இங்க மேடு எங்க இருக்கு?" என்று கேட்டார். பாம்பன் பாலத்தைக் காட்டினேன். சிரித்தார். மறுநாள் விடியற்காலை கச்சான் காற்று முகத்தில் அறைய அந்தப் பாலத்தின் ஏற்றத்தில் ஒருமுறை ஏறி இறங்கினார். அதோடு சிரிப்பு நின்றது.

நான் ராமநாதபுரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்குக் கடை திறந்தாக வேண்டும் என்பதால் என் ஓட்டமெல்லாம் அதற்குள்தான். ஏரி, காடு, மலை மூன்றும் ஒரே பூங்காவுக்குள் அடங்கி, வழிகாட்டிப் பலகை நட்ட ஓட்டப்பாதைகள் எல்லாம் இங்கே இல்லை. ஏரிக்குப் பதில் கண்மாய், காட்டுக்குப் பதில் சவுக்குத்தோப்பும் அலையாத்தியும், மலைக்குப் பதில் மணல்மேடும் பாலமும். தேடிப் பிடித்துக் கோத்துக்கொண்டால் ஒரு பருவம் முழுக்கப் புதுப்புது இடத்தில் ஓடலாம்.

ஆனால் இங்கே "இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று தொடங்கினால் அடிபடுவீர்கள். காற்று எந்தப் பக்கம், தரை எப்படி, தண்ணீர் எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கு அப்புறம்தான் கிலோமீட்டர். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்.

படி 1: மாதத்தையும் காற்றையும் பாருங்கள்

கடற்கரை ஊர்களில் காற்றுக்குப் பெயர் உண்டு. மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. மீனவர்கள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது இவற்றை வைத்துத்தான். ஓடுகிறவருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் ஆட்சி. மழை இருக்காது, புழுதி இருக்கும். திறந்த கடற்கரையில் மணல் முழங்காலில் ஊசியாகக் குத்தும். இந்த மாதங்களில் தோப்புக்குள்ளும் ஊருக்குள்ளும் ஓடுங்கள், தனுஷ்கோடிப் பக்கம் வேண்டாம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எங்கள் வானம் பார்த்த பூமிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கிடைக்கிறது. புயல் எச்சரிக்கை இருந்தால் கடலோரத்தை மறந்துவிடுங்கள். ஜனவரியும் பிப்ரவரியும்தான் அறுவடைக் காலம்: கண்மாயில் தண்ணீர், கரையில் பறவை, காலையில் லேசான குளிர். மார்ச் பிறந்தால் வெயில் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறரைக்கெல்லாம் ஓடி முடித்து நுங்கு தேடிப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

எந்த மாதமானாலும் ஒரு விதி. போய்த் திரும்பும் பாதை என்றால் எதிர்க்காற்றில் போய், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். நான் ஒருமுறை இதை மாற்றிச் செய்தேன். போகும்போது என்ன வேகம்! நமக்குத் திடீரென்று வலிமை கூடிவிட்டது என்று நினைத்தேன். திரும்பும்போதுதான் அது யாருடைய வலிமை என்று தெரிந்தது.

நாட்காட்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் தீவுக்குள் ஓட இடமே கிடைக்காது. தேவிபட்டினம், சேதுக்கரைப் பக்கமும் கூட்டம்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பப் பக்தர்களின் வேன்கள் விடிய விடிய வந்துகொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவருக்கு உங்கள் கறுப்பு டி-சர்ட் தெரியாது. வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி எதிரே வருகிற வலது ஓரமாக ஓடுங்கள்.

படி 2: தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் ஓட்டக்காரரின் முதல் எதிரி வெயில் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. சீமைக்கருவேல முள்.

முதல் வருடம் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது வலது பாதத்தில் சுரீரென்றது. கல்லாக இருக்கும் என்று இன்னும் நான்கு அடி வைத்தேன். ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை. மடைக்கட்டில் உட்கார்ந்து ஷூவைத் திருப்பினால், அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். உள்ளே கையை விட்டால் அரை அங்குல முனை எட்டிப் பார்க்கிறது. வெளியே பிடித்திழுக்க ஒன்றும் இல்லை, உள்ளிருந்து தள்ளினால் முறிகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, யாரு தொரத்துனாக, இந்த ஓட்டம் ஓடுற?"

"முள்ளு ஏறிருச்சு ஐயா."

"செருப்புன்னா ஒதறிட்டுப் போயிரலாம். இது பஞ்சு மெத்தையால்ல இருக்கு, முள்ளு சொகமா உக்காந்துக்கிரும்" என்று சொல்லி, அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்துக் கொடுத்தார்.

மெத்தென்ற அடிப்பாகம் முள்ளைத் தடுக்காது, உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கண்மாய்க் கரைக்குக் கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூவே சரி. விலை உயர்ந்த மெத்தை ஷூவைத் தார்ச்சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முள்வெட்டு நடந்த இடத்தில் வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து கிடக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு ஊக்கும் சின்ன முள்வாங்கியும் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது களிமண். உள்பக்கக் கண்மாய்கள் பலவற்றின் கரை மழைக்குப் பின் பசை மாதிரி ஆகிவிடும். நூறடி ஓடினால் ஆளுக்கு ஒரு கிலோ மண் காலில் இருக்கும். மழை நின்று இரண்டு மூன்று நாள் காய விட்டுப் போங்கள்.

மணலுக்கு வருவோம். காய்ந்த பொலபொல மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். அதனால் அலை வந்து நனைத்துப் போன ஈர மணல் பட்டையில் ஓடுங்கள். அந்தப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு அடி அழுத்தி வைத்துத் திரும்பிப் பாருங்கள். குதிகால் தடம் ஒரு விரற்கடை ஆழத்துக்குள் இருந்தால் ஓடலாம், அதற்கு மேல் புதைந்தால் நடந்து கடந்துவிடுங்கள். கடற்கரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்வில் விழுவதால் முழங்காலின் வெளிப்புறமும் கணுக்காலும் வலி எடுக்கும். போன வழியே திரும்பினால் சரிவு மறு காலுக்கு மாறி ஓரளவு சமனாகும். ஒரே திசையில் ஐந்து ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆட்டோ பிடித்து வருகிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

வெறுங்காலோடு ஓடலாமா என்று கேட்கிறார்கள். மீன்பிடி கிராமங்களை ஒட்டி வேண்டாம். தூண்டில் முள், உடைந்த பாட்டில், கரை ஒதுங்கிய சொறிமுட்டை (ஜெல்லி மீன்) எல்லாம் இருக்கும். மணல்மேட்டில் பந்து பந்தாக முளைத்திருக்கும் ராவணன் மீசை பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு இலையும் ஊசி. ஊதாப் பூ பூத்துப் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியில் கால் மாட்டினால் குப்புற விழ வேண்டியதுதான். இரண்டும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதால் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போவது நமக்கும் நல்லது, கடற்கரைக்கும் நல்லது.

படி 3: தண்ணீர்க் கணக்கு

அரசு ஊழியரை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்களே, அந்தக் காடு நாங்கள்தான். வழியில் குழாய் இருக்கும் என்று நம்பி யாரும் கிளம்பாதீர்கள். ஊருக்குள் பல வீடுகளில் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் குடிநீர் வாங்குகிறார்கள்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்களே அளக்கலாம். ஓடுவதற்கு முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இந்தச் சோதனையைக் குளிர்ந்த காலையில், வீட்டுப் பக்கத்தில் செய்யுங்கள். கடற்கரையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழியும், உடம்பு குளிராது. கடலில்லாத ஊரில் ஓடிய வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும்.

கடைக்காரனாக இரண்டு வார்த்தை. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டினால் தாகம்தான் கூடும், வயிறும் கலங்கும். இரண்டாவது, நீண்ட ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். "ஓடத்தானே போறோம், ஒண்ணு போட்டுக்கிட்டா என்ன" என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போனால் போகட்டும்.

படி 4: கண்மாயில் தொடங்குங்கள்

முதல் ஆறு வாரம் கண்மாய்தான். ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. 2012-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2025-இல் தேர்த்தங்கல் கண்மாயோடு சேர்ந்து ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டன. தண்ணியில்லாக் காட்டில் உலக அளவில் மதிக்கப்படும் நான்கு நீர்நிலைகள்! கடலாடி, சாயல்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய பறவைகள் சரணாலயங்களில் அதுவும் ஒன்று.

சரணாலயத்தில் ஓட ஒழுங்கு உண்டு. கரையை ஒட்டிய பொதுப்பாதையிலும் ஊர்ச்சாலையிலும் மட்டும் ஓடுங்கள். கண்மாய்க்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் பாட்டுப் பெட்டியை அலறவிட்டு ஓடினால், பறவை எழும்பிவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். காதில் மாட்டும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பறவைக்காகச் சொல்லவில்லை, நாய்க்காகச் சொல்கிறேன்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதைப் பார்த்தபடி, கல்லெடுக்கக் குனிவது போலக் குனியுங்கள். எங்கள் ஊர் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மொழி தெரியும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். இருட்டில் கரையில் ஓடினால் தலை விளக்கு கட்டாயம். சுருட்டை விரியன் இந்த வறண்ட நிலத்தின் பாம்பு. மண் நிறத்தில் சுருண்டு கிடந்தால் கண்ணுக்கே படாது. என்னைக் கேட்டால் ஆணோ பெண்ணோ, விடியுமுன் கரையில் தனியாக யாரும் ஓட வேண்டாம்.

பயிற்சி முறை எளிது. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். இரண்டு நாள் அரை மணி நேரம், கிலோமீட்டரைப் பார்க்காமல். மூன்றாவது நாள் கொஞ்சம் நீளம்: முதல் வாரம் 4 கி.மீ., பிறகு வாரம் ஒரு கி.மீ. கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் பழையபடி குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சரியாகும் வேகத்தில் தசைநார் சரியாகாது, அதற்கு அவகாசம் வேண்டும்.

நீளமாக ஓட ஆசை வந்தால் ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய்க்குப் போங்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத நீளம் என்று அர்த்தம் சொல்வார்கள். அங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் மடைகளை எண்ணி ஓடுவது எனக்குப் பிடிக்கும். "இன்னைக்கு ஒன்பது மடை" என்று வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது, ஆனால் காலுக்குப் புரியும்.

படி 5: தோப்பும் அலையாத்தியும்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் பிரிந்தால் அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் பெரும்பாலும் அலையில்லாத கடல். கரையை ஒட்டிச் சவுக்குத்தோப்பு. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மெத்தை விரித்த மாதிரி கிடக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தரை இந்த மாவட்டத்தில் இல்லை. வேர் மட்டும் மறைந்திருக்கும் என்பதால் காலைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். தோப்புக்குள் இரண்டு சுற்று, பிறகு ஈர மணலில் ஒரு கிலோமீட்டர், மறுபடி தோப்பு என்று மாற்றி மாற்றி ஓடினால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கச்சான் மாதங்களிலும் இங்கே ஓடலாம், மரங்கள் காற்றை வாங்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்துவிடாதீர்கள், குடும்பங்களும் பஜ்ஜி எண்ணெயும்தான் இருக்கும்.

காரங்காடு வேறு மாதிரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில் இருக்கும் மீனவ ஊர். உப்பங்கழியை ஒட்டி அலையாத்திக் காடு. காட்டுக்குள் ஓட முடியாது, ஓடவும் கூடாது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி நிற்பவை அந்த மரங்களின் மூச்சுவேர்கள். மிதித்தால் அவற்றுக்கும் கேடு, உங்கள் பாதத்துக்கும் கேடு. ஊர்ச்சாலையில் ஓடிவிட்டு, வனத்துறையின் படகிலோ கயாக்கிலோ உள்ளே போய் வாருங்கள். துடுப்புப் போடுவது தோளுக்கு நல்ல பயிற்சி. ஓட்டக்காரர்கள் தோளைக் கவனிப்பதே இல்லை.

படி 6: மலை, அதாவது எங்கள் மலை

ராமேஸ்வரம் தீவின் உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், ஆளைப் பார்த்தால் மணல்மேடு. உச்சியில் ராமர் பாதம் உள்ள மண்டபம். ஏறி நின்றால் சுற்றிலும் கடலும், பச்சை உடைமுள் காடும், தூரத்தில் தொலைக்காட்சிக் கோபுரமும் தெரியும். ராமநாதசுவாமி கோயில் பக்கத்திலிருந்து இங்கே ஓடி வந்து திரும்புவது அருமையான குறு ஓட்டம். ஏற்றப் பயிற்சிக்கு மண்டபத்துக்கு முந்தைய சரிவைப் பயன்படுத்துங்கள்: ஒரு நிமிடம் மேலே, இறங்கும்போது நடை, ஆறு முறை. மண்டபத்துப் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்ய வேண்டாம், கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பலும் படகும் அடியில் போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த ஏற்றம், காற்றோடு சேர்ந்தால் நிஜ மலைதான். பக்கவாட்டில் ரயில் பாலம்: 1914-இன் பழையதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியது. இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நடைமேடை குறுகல், வேன்கள் நடுப்பாலத்தில் நிற்கும், படம் எடுப்பவர்கள் பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். எனவே விடிந்தும் விடியாத நேரம், ஒரே ஒரு முறை போய்த் திரும்புதல், நடைமேடையை விட்டு இறங்காமல். பாலத்தின் இணைப்பு இடுக்குகளில் கண் இருக்கட்டும். பலமான காற்று அடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

படி 7: தனுஷ்கோடி நீள ஓட்டம்

செப்டம்பர் கடைசியில் கண்மாயில் தொடங்கியவர், ஜனவரி கடைசியில் இதற்குத் தயாராகிவிடலாம். முதலில் 15 கி.மீ. ஒருமுறையாவது சிரமமில்லாமல் ஓடியிருக்க வேண்டும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தார்ச்சாலை. 2017-இல்தான் இது வந்தது. அதற்கு முன் மணலில் வேன்கள் ஆடி அசைந்து போகும். போய்த் திரும்பினால் 19. அரை மராத்தான் வேண்டும் என்றால் சத்திரத்தைத் தாண்டி இன்னும் 2.1 கி.மீ. ஓடினால் கணக்கு சரி.

முந்தின நாள்: சோதனைச் சாவடி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாகனங்களைக் காலை ஆறு மணிவாக்கில்தான் விடுகிறார்கள், நேரம் அவ்வப்போது மாறும். துணைக்கு ஒருவரை பைக்கில் வரச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் பாதி ஓ.ஆர்.எஸ். கலந்தது. சாப்பிடக் கடலை மிட்டாயும் வாழைப்பழமும். கைபேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், முனையில் இலங்கைக் கோபுரத்தின் சிக்னல் வந்து ஒட்டிக்கொள்வது உண்டு.

முதல் 5 கி.மீ.: சூரியன் கிட்டத்தட்ட நேர் எதிரே. சாலை தென்கிழக்காகப் போகிறது, ஜனவரியில் சூரியன் உதிப்பதும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். முன்பக்கம் நீண்ட தொப்பி இல்லாமல் போனால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே தலை வலிக்கும். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். இடப்பக்கம் பாக் நீரிணை, பெண் கடல். கச்சான் காலத்தில் வலது கடல் உறுமும், இடது கடல் தட்டு மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும். எந்தப் பருவமானாலும் இந்தச் சாலையில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும், முதுகில் தள்ளிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நிற்பதுண்டு. 2025-இல் இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். நின்று பார்க்கலாம், சாலையிலிருந்தே பாருங்கள்.

தனுஷ்கோடி ஊர்: இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், ஓலைக் குடிசைகள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும், வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது. இந்த இடத்தில் நான் ஓடுவதில்லை. தேவாலயத்திலிருந்து கடைகள் முடியும் வரை நடக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். இது பயிற்சிமுறை அல்ல, என் பழக்கம். மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் மக்கள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள். அவர்கள் சேந்தி வைத்த குடத்தைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுத்த 4.5 கி.மீ.: நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காற்றடித்த மறுநாள் சாலையில் மணல் நாக்கு நாக்காகப் படிந்திருக்கும், மேலே கால் வைத்தால் வழுக்கும். கடற்கரையில் இறங்கி ஓட ஆசைப்பட்டால் கரைவலை இழுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து கரை வரை இழுபடும் கயிற்றைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. எத்தனையோ பேர் பாரத்தைப் பிடித்திருக்கும் கயிறு அது, சட்டென்று எழும்பினால் உங்கள் முழங்கால் போய்விடும். நின்று, "அண்ணே, போகலாமா?" என்று கேட்டால் வழிவிடுவார்கள். "நீயும் ஒரு கை புடி தம்பி" என்று சொன்னாலும் சொல்வார்கள். பிடியுங்கள், நல்ல பயிற்சி. பிப்ரவரி, மார்ச்சில் ஆமை முட்டையிடும் மணல் இது. வனத்துறை வேலி போட்ட இடத்தைச் சுற்றிப் போங்கள்.

அரிச்சல்முனை: தூணைச் சுற்றித் திரும்புங்கள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகம் என்றால் ஆறேகாலுக்குக் கிளம்பியவர் ஏழரைக்குள் இங்கே இருப்பார். கடலில் இறங்காதீர்கள், இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தின் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். தலை கனக்கிறதா, உடம்பு சிலிர்க்கிறதா, வியர்வை நின்றுவிட்டதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அத்தோடு ஓட்டம் முடிந்தது, பைக்கில் ஏறி நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். என் இரண்டாவது முயற்சியில் நான் ஏறினேன். தண்ணீர்ப் பாட்டில்களில் ஒன்றை வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பும் வழி: எட்டு மணிக்கு மேல் வண்டிகள் கூடும். வலது ஓரம், தனித்தனி வரிசை, பேச்சை நிறுத்திவிட்டு ஓடுங்கள். கடைசி நான்கு கிலோமீட்டரில் சத்திரம் தெரிகிற மாதிரியே இருக்கும், வராது. சாலை அவ்வளவு நேர்.

படி 8: ஓடி முடித்த பிறகு

பத்து நிமிடம் நடங்கள், நிழலில் உட்காருங்கள், மெதுவாகக் குடியுங்கள். பருவம் பார்த்து ஊரே கொடுக்கும்: தை, மாசியில் அவித்த பனங்கிழங்கு, மாசிக்கு மேல் பதநீர், சித்திரையில் நுங்கு. பதநீரை இறக்கிய காலையிலேயே குடித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் விற்பது பதநீராக இருக்காது. வீட்டில் நீராகாரமும் சின்ன வெங்காயமும் இருந்தால் அதைவிட ஒன்றும் வேண்டாம்.

ஷூவை அப்படியே மூலையில் போட்டுவிடாதீர்கள். உப்பும் மணலும் தையலைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, அட்டையை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் உள்ளே கையை விட்டு விரல் நுனியால் முழுக்கத் தடவிப் பாருங்கள், முக்கியமாகப் பெருவிரல் பக்கம். போன வாரம்கூட எனக்கு அங்கே ஒன்று அகப்பட்டது.